அற்றைக்கும் இற்றைக்கும் நடுவில் ஒரு நிலா

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. ஒரு பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள், தலைப்பு வாசிப்புப் பழக்கமும் கைப்பேசியும். கூடத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னோம். கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி நன்றாகவே பேசினாள். "புத்தகம் என்பது வெறும் காகிதம் அல்ல, அது காலத்தின் கண்ணாடி! கைப்பேசி என்பது வெறும் கருவி அல்ல, அது கண்ணுக்குத் தெரியாத விலங்கு! புத்தகம் வெளிச்சம், கைப்பேசி இருட்டு!" என்று மூன்று பக்கமும் இப்படியே போனது.

கேட்டு முடித்ததும் ஏதோ உறுத்தியது. சொன்னேன். அவள் உடனே, "எதிரெதிரா வச்சுப் பேசினா நல்லா இருக்கும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க? திருவள்ளுவரும் அப்படித்தானே எழுதியிருக்கார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் நாலைந்து நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இப்படி எதிரெதிராக வைப்பதற்கு இலக்கணத்தில் முரண் என்று பெயர், நமக்கு அது புதிய சமாசாரம் இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் தொடைகளை, அதாவது செய்யுளில் சொற்களைத் தொடுக்கும் முறைகளைச் சொல்லும்போது மோனை, எதுகை, முரண், இயைபு என்று நான்கை வரிசையாக வைக்கிறது. முரணுக்கு அது தரும் விளக்கம் ஒரே வரி: "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே." சொல்லிலும் முரணலாம், பொருளிலும் முரணலாம், அவ்வளவுதான். பிறகு வந்த யாப்பு நூல்கள் எந்தச் சீரும் எந்தச் சீரும் முரணுகின்றன என்று பார்த்து இணைமுரண், பொழிப்புமுரண், ஒரூஉமுரண் என்று பெயர் வைத்துக்கொண்டே போயின. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனவர்களில் நானும் ஒருவன். முரணை மோனை எதுகையோடு ஒரே வரிசையில் ஏன் வைத்தார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மோனையும் எதுகையும் காதுக்கானவை, முரண் பொருளுக்கானது, இரண்டும் ஒரே குடும்பமாக எப்படி ஆகும்?

பழமொழிகளில் இதற்குப் பதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்." இதில் எதிராக நிற்பவை அரசனும் தெய்வமும், அன்றும் நின்றும். எதிராக நிற்காமல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது கொல்லுதல். "ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்." இங்கே பொதுவானது தின்னுதல். வீடு கட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிற எவருக்கும் அந்தத் தின்னும் என்ற சொல் எங்கே போய்த் தைக்கும் என்று தெரியும். "கற்றது கைம்மண்ணளவு, கல்லாதது உலகளவு" என்பதில் பொதுவானது அளவு. வினையோ முடிக்கும் சொல்லோ கடைசியில் வந்து உட்காரும் மொழி நம்முடையது, அதனால் இரண்டு பாதியும் ஒரே சொல்லில் வந்து முட்டுகின்றன. அந்த முட்டலில்தான் வேற்றுமை தெரிகிறது.

அன்று, நின்று என்ற இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து மட்டும் வேறு, மிச்சமெல்லாம் ஒன்று. அதாவது எதுகை. எதுகை இரண்டு சொற்களையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது, முரண் அவற்றை இரண்டு பக்கம் இழுக்கிறது. கட்டு இல்லாவிட்டால் இழுப்பதற்கு என்ன இருக்கிறது, இரண்டும் தனித்தனியாகப் போய்விடும். இது தெரிந்த பிறகு குறளைத் திரும்பப் படித்தால் இடத்துக்கு இடம் இது கண்ணில் படுகிறது.

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு

பெருக்கம், சுருக்கம். ஓரெழுத்துதான் மாறுகிறது, வாழ்க்கை தலைகீழாகிவிடுகிறது. நடுவில் வேண்டும் என்ற சொல் இரண்டு முறையும் அதே இடத்தில், அசையாமல் நிற்கிறது. செல்வம் வந்தபோது குனி, போனபோது நிமிர்ந்து நில் என்று சாதாரணமாக நாம் செய்வதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறார், ஆனால் இரண்டையும் கேட்பது ஒரே மனிதனிடம். "அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லாகி யாங்கு" என்பதிலும் அருளும் பொருளும், அவ்வுலகமும் இவ்வுலகமும் இப்படித்தான் ஜோடி கட்டி நிற்கின்றன. இல்லை என்பது பொது.

இந்த அ, இ விஷயத்தில் எனக்குத் தனி மோகம் உண்டு. அன்று இன்று, அங்கே இங்கே, அவர் இவர், அப்படி இப்படி என்று ஒரு குறிலை மாற்றினாலே தூரம் பக்கமாகிவிடுகிறது, போனது வந்துவிடுகிறது. முரண் செய்யும் கருவியை மொழியே சுட்டெழுத்தில் வைத்துக் கையில் கொடுத்திருக்கிறது. சங்கப் புலவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கப் புறநானூற்றில் இரண்டு பாட்டு போதும்.

முதலாவது 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எவ்வளவு ஆயுதம் வைத்திருக்கிறேன் பார் என்று மிரட்டுவதற்கான ஏற்பாடு அது. ஔவையார் பார்த்துவிட்டுப் பாராட்டுவதுபோல ஆரம்பிக்கிறார். "இவ்வே" என்கிறார், இவையெல்லாம். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, வலுவான காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. தொண்டைமானுக்கு இதுவரை மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அடுத்த சொல் "அவ்வே", அதாவது எங்கள் தலைவனுடையவை. பகைவரைக் குத்திக் குத்திப் பக்கமும் முனையும் சிதைந்து எப்போதும் கொல்லனின் சின்னக் கொட்டகையில் கிடக்கின்றன.

நீ போரே பார்த்ததில்லை என்று ஔவையார் எங்கேயும் சொல்லவில்லை. எங்கள் அரசன் வீரன் என்றும் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. 'ஆனால்' என்று பொருள்படும் ஒரு சொல்கூடப் பாட்டில் கிடையாது. இவ்வே, அவ்வே, அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் ஒரே பொருள்தான் இருக்கிறது, ஆயுதம். நெய்க்கு எதிரே சிதைந்த முனை, வியன்நகர் என்ற பெரிய மாளிகைக்கு எதிரே குற்றில் என்ற சின்னக் கொட்டகை. கேட்பவனே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தூது போன இடத்தில் அரசனை முகத்துக்கு நேரே குறைத்துப் பேசினால் தலை தங்குமா? முரணில் வைத்ததால் பேசியும் ஆயிற்று, பேசாமலும் ஆயிற்று. அப்புறம் அதோடு விடாமல் அதியமானைப் பற்றிச் சொல்லும்போது "உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்" என்று இன்னொரு முரணை வைக்கிறார். இருந்தால் சோறு போடுவான், இல்லாவிட்டால் இருப்பதைக் கூடவே உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவான். இருப்பதும் இல்லாததும் மாறலாம், பக்கத்தில் மனிதர்கள் இருப்பது மட்டும் மாறுவதில்லை. இந்தப் பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இரண்டாவது 112. பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பாரியின் பறம்புமலை பிரான்மலைதான் என்று சொல்வார்கள். என் அப்பத்தாவின் ஊர் அந்தப் பக்கம்தான், சிவகங்கை மாவட்டம். தாத்தா இறந்த அன்று அப்பத்தா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வார்த்தைகள் முழுதாக நினைவில்லை, அமைப்பு நினைவிருக்கிறது. அன்னைக்கு என்று ஒரு வரி, இன்னைக்கு என்று அடுத்த வரி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சாமான் இருந்தது. திண்ணை, மாட்டுக்கொட்டகை, வெற்றிலைச் செல்லம், கிணற்றடி. திண்ணை அங்கேயேதான் இருக்கிறது, சாய்ந்து உட்கார ஆள் இல்லை. செல்லத்தில் வெற்றிலை இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. மாறாமல் இருந்த பொருளைக் காட்டிக் காட்டித்தான் மாறிப்போனதைச் சொன்னார். அப்பத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை, பாரி மகளிர் பாட்டைக் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை. பல வருஷம் கழித்துக் கல்லூரியில் அந்தப் பாட்டைப் படித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் கண்முன் வந்தது.

பாட்டில் மாறாமல் நிற்பது நிலா. போன மாதமும் அதே வெண்ணிலவு, இந்த மாதமும் அதே வெண்ணிலவு. சொற்கள்கூட அப்படியே திரும்ப வருகின்றன, அவ் இவ் ஆகிறது, அற்றை இற்றை ஆகிறது, எழுத்தளவில் அவ்வளவுதான் மாற்றம். நிலா இல்லாமல் அப்பா இருந்தார், இப்போது இல்லை என்று சொல்லியிருந்தால் அது செய்தி. இன்னொன்றையும் கவனித்தேன். முதல் பாதியில் அப்பா முதலில் வருகிறார், குன்று பிறகு. இரண்டாம் பாதியில் குன்று முதலில், அப்பா கடைசியில். மலை போனதைச் சொல்லிவிட்டு, சொல்லவே முடியாததைக் கடைசிக்குத் தள்ளி, "எந்தையும் இலமே" என்று முடிகிறது. நடுவில் வென்றெறி முரசின் வேந்தர் என்று ஒரு அடைமொழி. பாரியை மூவேந்தர் வஞ்சனையால் கொன்றதாகத்தான் மரபு சொல்கிறது, அப்படிப்பட்டவர்களுக்கு வெற்றி முரசு என்ற பட்டத்தை அந்தப் பெண்கள் எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமலே விட்டுவிடும் முரணும் உண்டு. காமத்துப்பாலில் ஒருவன் சொல்கிறான்: "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீயாண்டுப் பெற்றாள் இவள்." விலகிப் போனால் சுடுகிறது, கிட்டே போனால் குளிர்கிறது, இப்படி ஒரு நெருப்பை இவள் எங்கே வாங்கினாள்? சாதாரண நெருப்பு கிட்டே போனால் சுடும் என்பதை வள்ளுவர் சொல்லவில்லை. அது நமக்குத் தெரியும், கைவிரலுக்கே தெரியும். முரணின் ஒரு பாதி குறளில் இருக்கிறது, மறுபாதி படிக்கிறவரிடம் இருக்கிறது.

கம்பர் இதில் இன்னும் ஒரு படி போகிறார். கோசல நாட்டை வர்ணிக்கும்போது, "வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால், திண்மை இல்லை நேர் செறுநர் இன்மையால், உண்மை இல்லை பொய்யுரை இலாமையால்" என்கிறார். அந்த நாட்டில் கொடை இல்லை, ஏனென்றால் வாங்க ஏழை இல்லை. வலிமை இல்லை, எதிர்க்கப் பகைவன் இல்லை. உண்மை இல்லை, பொய்யே யாரும் பேசுவதில்லை. எதிர்ச்சொல்லை எடுத்துவிட்டால் நல்ல சொல்லும் சேர்ந்து போய்விடுகிறது. முதல் முறை கேட்கும்போது இது என்ன, நாட்டைத் திட்டுகிறாரா என்று திடுக்கிடும், பாதி வரி தாண்டியதும் புகழ்ச்சி என்று புரியும். எதிரே ஒன்று இல்லாவிட்டால் எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடவே முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் படித்ததில்லை.

எல்லா முரணும் இந்த உயரத்துக்குப் போவதில்லை, போகவும் வேண்டாம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்முரணுக்குக் காட்டும் வெண்பா ஒன்று:

காலையும் மாலையும் கைகூப்பிக் கால்தொழுதால்
மேலை வினையெல்லாம் கீழவாம் - கோலக்
கருமான்தோல் வெண்ணீற்றுச் செம்மேனிப் பைந்தார்ப்
பெருமானைச் சிற்றம் பலத்து

காலை மாலை, கை கால், மேல் கீழ், கருப்பு வெள்ளை சிவப்பு, பெரிது சிறிது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. திறமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் மேலை வினை என்றால் முன்செய்த வினை, கீழ் என்பதோடு அதற்குச் சண்டை ஒன்றும் இல்லை, சொல்தான் முரணுகிறது. படித்ததும் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது, நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. கடைசி அடி மட்டும் விதிவிலக்கு. பெருமான், சிற்றம்பலம். பெரியவன் சின்ன அம்பலத்தில் ஆடுகிறான் என்பதில் சொல்லும் முரணுகிறது, பொருளும் முரணுகிறது. சிதம்பரத்தில் அந்தச் சின்ன இடத்துக்கு முன்னால் நின்றவர்களுக்கு அது புரியும்.

மேடைக்கு வந்தால், நாலே சொல்லில் ஒரு காலத்து அரசியலைக் கட்டிய வரி "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது." திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் ஒலித்தது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் மோனை, வ வா, தெ தே. பாதிக்கும் பாதிக்கும் நடுவே முரண். இதிலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல்தான், திட்டப் பணமும் தொழிற்சாலையும் எங்கே போகின்றன என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவர்களும் உண்டு, அவர்களும் அதே அளவுகோலை எடுத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அது வாதமாக இருந்தது.

இப்போது அக்கா மகளின் பேச்சுக்கு வருகிறேன். "புத்தகம் வெறும் காகிதம் அல்ல" என்கிறாள். புத்தகம் வெறும் காகிதம் என்று இந்த ஊரில் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்லாத ஒருவரைக் கற்பனையில் நிறுத்தி, அவரை மறுத்து, மறுத்த வேகத்தில் ஒரு பெரிய சொல்லைப் போட்டுவிட்டுப் போவதுதான் இது. விளம்பரங்களில் தினமும் கேட்கிறோம், இது வெறும் உணவல்ல உணர்வு, இது வெறும் வீடல்ல கனவு என்று. இணையத்தில் எதைத் திறந்தாலும் இந்த 'வெறும் அல்ல' இருக்கிறது. குழந்தைகள் இதைத்தான் காதில் வாங்குகிறார்கள், இதுதான் அழகாகப் பேசுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். ஔவையார் எடுத்த அதே ஆயுதம், நெய் பூசி மாலை போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

போனில் கூப்பிட்டு அவளிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிச் சொல்லிப் பார். "கைப்பேசி வெளிச்சம், புத்தகம் இருட்டு" என்று அதே குரலில், அதே கையாட்டலோடு சொன்னாள், கொஞ்சம் நிறுத்தி, "மாமா, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். சரி, இப்போது அரசன் நின்று கொல்வான், தெய்வம் அன்று கொல்லும் என்று மாற்றிச் சொல் என்றேன். சிரித்துவிட்டாள். மாற்றினால் உடைகிறது. நன்றி மறப்பது நன்று என்று மாற்றிப் பார்க்கவும் சொன்னேன், அதையும் சொல்லிப் பார்த்துவிட்டு, மறப்பது என்ற சொல் அந்தக் குறளில் ரெண்டு தடவை வருதே என்று அவளே கண்டுபிடித்தாள். நன்றியை மறப்பது தப்பு, கெட்டதை அன்றைக்கே மறப்பது நல்லது, மறப்பது ஒன்றுதான். அதுதான் நிலா, உன் பேச்சில் நிலா எது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நேற்று இரவு புதிதாக எழுதியதைக் குரல் பதிவாக அனுப்பியிருந்தாள். மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. அதில் ஒரு இடம்:

"ராத்திரி ஒன்பது மணி. எங்கம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்போ அந்த ஒன்பது மணிக்குப் பாட்டி பக்கத்துல படுத்துக் கதை கேட்டாங்க. நானும் தினமும் ஒன்பது மணிக்கு அம்மா பக்கத்துலதான் படுத்திருக்கேன். அம்மா போனை எப்ப வைப்பாங்கன்னு பார்த்துக்கிட்டு."

ஒன்பது மணியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதிவை மூன்று முறை கேட்டேன். போட்டி வருகிற வெள்ளிக்கிழமை, அக்கா அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருக்கிறாள், முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். அந்த இடத்தை வைப்பதா எடுப்பதா என்று அக்கா மகள் இன்னும் முடிவு செய்யவில்லை.